எந்தக் கம்ப்யூட்டர் பத்திரமானது?

திருவண்ணாமலை ராஜகோபுரத்தின் உயரம் 217 அடி. ஆனால், இரவில் கோவிலைக் காப்பது அந்த உயரம் அல்ல. பூட்டிய கதவு!

கம்ப்யூட்டரும் அப்படித்தான். அதை இயக்குபவை விண்டோஸ், லினக்ஸ், மேக் போன்றவை. இணையதளங்களைத் திறந்து காட்டுவது குரோம், எட்ஜ், பயர்பாக்ஸ் போன்ற "பிரவுசர்."

கிரிவலம் வருகிறவர்கள் பலர் இதன் வழியாகவே அறை பிடிக்கிறார்கள், பணம் கட்டுகிறார்கள். திருடனும் இதே வழியில்தான் வருகிறான்!

எது பத்திரம்?

ஓட்டை இல்லாதது எதுவும் இல்லை. "ஷெல்ஷாக்" என்ற ஓட்டை லினக்சிலும் மேக்கிலும் இருந்தது 2014-ல் தெரியவந்தது. குரோமும் எட்ஜும் ஒரே அஸ்திவாரத்தில் கட்டியவை. ஒன்றின் ஓட்டை மற்றதிலும் இருக்கக்கூடும்.

ஓட்டையை அடைக்கிறார்களா என்பதே கேள்வி.

2017 மே மாதம் "வான்னாகிரை" என்ற வைரஸ், சுமார் 150 நாடுகளில் விண்டோஸ் கம்ப்யூட்டர்களை முடக்கிப் பணம் கேட்டது. இங்கிலாந்தில் ஆபரேஷன்கள் கூடத் தள்ளிப்போயின. ஆனால், அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் மார்ச் மாதமே வந்துவிட்டது. அதைப் போட்டவர்கள் தப்பினார்கள்.

விண்டோஸ் 10-க்கு வழக்கமான இலவசத் திருத்தம் 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு நின்றது. அதை வைத்திருப்பவர்கள் மாறிக்கொள்வது நல்லது.

பெயரைப் பார்க்க வேண்டாம். திருத்தம் வருகிறதா என்று பாருங்கள். வந்தால், அன்றே போடுங்கள்.

கதவு திறந்து கிடந்தால், கோபுரம் என்ன செய்யும்?