கைத்திறனும் கௌசலமும்

பகவத் கீதையின் இரண்டாம் அத்தியாயம் ஐம்பதாவது சுலோகம், செயலில் 'கௌசலம்' என்ற சொல்லைக் கொண்டு யோகத்தை விளக்குகின்றது. கௌசலம் என்றால் திறமை. கரக்பூர் ஐ.ஐ.டி. இச்சுலோகத்திலிருந்தே தனது மகுட வாசகத்தை எடுத்துக்கொண்டது. முகாமைத்துவப் பயிலரங்குகளிலும் இது தவறாமல் ஒலிக்கும். வேலையைத் திறம்படச் செய். அதுவே யோகம் என்பது அங்கு சொல்லப்படும் பொருள்.

எனக்கு இதில் உடன்பாடில்லை. அச்சுலோகத்தின் முன்னும் பின்னும் பேசப்படுவது பலனைப் பற்றாத சமபுத்தி. செயல் இயல்பாகவே மனிதனைக் கட்டுவது. சமபுத்தியால் அதன் கட்டும் தன்மையை நீக்குவதே கௌசலம் என்பது சங்கரர் உரையின் சாரம்.

ஈய எழுத்துக் காலத்தில் பத்திரிகைக்குள் நுழைந்தவன் நான். எங்கள் அச்சுக்கோப்பாளர்கள் பெட்டியைப் பாராமலே எழுத்தை எடுப்பார்கள். தலைகீழாய் நிற்கும் வரிகளைச் சரளமாக வாசிப்பார்கள். அவ்வேளையில் 'நான்' என்ற ஒன்று அவர்களிடம் இருந்ததாகவே தெரியாது. சம்பள நாளில் அது முழுமையாகத் திரும்பி வந்துவிடும்!

இந்தத் 'தன்னை மறத்தல்' ஸென் பௌத்தத்தோடு இணைத்துப் பேசப்படுவதற்கு ஜேர்மனியத் தத்துவப் பேராசிரியர் ஓய்கன் ஹெரிகலின் நூல் பெருங்காரணம். 1924 முதல் 1929 வரை யப்பானின் செண்டாய் நகரில் கற்பித்த அவர், அவா கென்சோ என்பவரிடம் வில்வித்தை பயின்றார். எய்பவன் மறைந்து, அம்பு தானாகவே புறப்படும் நிலையைப் பற்றி 1948இல் அவர் எழுதிய நூல் உலகெங்கும் பரவியது. அவா கென்சோ ஸென் பயிற்சி பெற்றவரே அல்லர் என்றும், ஆசிரியரின் சொற்கள் மொழிபெயர்ப்பில் திரிந்திருக்கலாம் என்றும் யமடா ஷோஜி என்ற யப்பானிய ஆய்வாளர் 2001இல் எழுதினார். எனக்கு அதைவிட உறுத்துவது வேறொன்று. வில்லைத் தன்னை மறந்து எய்யக் கற்ற ஹெரிகல், 1937இல் நாஜிக் கட்சியில் சேர்ந்தார்.

இது ஒரு தனிமனிதரின் சறுக்கல் மாத்திரமன்று. 'நான்' இல்லாமல் வீசப்படும் வாள் பாவமற்றது என்ற வாதத்தை யப்பானிய ஸென் குருமார் சிலர் போருக்குத் துணையாக வழங்கினர். ஸென் துறவியான பிரையன் விக்டோரியா 1997இல் வெளியிட்ட நூல் இதனை விரிவாக ஆவணப்படுத்தியது. அதற்கு முன்பே, 1992இல், சோட்டோ ஸென் பிரிவு தனது போர்க்காலப் பங்குக்காகப் பகிரங்கமாக வருத்தம் தெரிவித்திருந்தது. கீதையும் போர்க்களத்தில் சொல்லப்பட்டதுதான். ஆகவே இக்கேள்வியிலிருந்து நாமும் தப்ப முடியாது. 2009 வரை நீண்ட எங்கள் போரில் 'துல்லியமான தாக்குதல்' என்ற சொற்றொடரை எத்தனையோ முறை செய்தியில் எழுதியிருக்கிறேன். துல்லியத்துக்குக் குறைவே இருக்கவில்லை.

ஆகவே வில்லாளியைவிட்டுச் சமையற்காரரிடம் வருகிறேன். சோட்டோ பிரிவை யப்பானில் நிறுவிய டோகென் 1223இல் சீனா சென்றபோது, துறைமுகத்தில் நின்ற கப்பலுக்கு ஒரு முதிய துறவி காளான் வாங்க வந்தார். அசோகரின் பெயரைத் தாங்கிய மலையிலுள்ள மடத்தில் அவர் சமையற் பொறுப்பாளர். இந்த வயதில் தியானத்தை விட்டு ஏன் இந்தத் தொல்லை என்று டோகென் கேட்டார். சாதனை என்றால் என்னவென்று உமக்கு இன்னும் விளங்கவில்லை எனக் கிழவர் சிரித்தார். இரவு தங்கவும் மறுத்தார். தான் இல்லாவிட்டால் மறுநாள் உணவு சரிவராது என்பது அவர் கவலை. மடத்துச் சமையலுக்கென்றே 1237இல் ஒரு நூல் எழுதிய டோகென், இச்சந்திப்பை அதில் நன்றியோடு பதிந்திருக்கிறார். அந்தக் கிழவரின் திறமையில் மற்றவர்களின் பசி அடங்கியிருந்தது.

மகாபாரதத்தின் வனபர்வத்தில் வரும் தர்மவியாதனும் இவருக்கு உறவினன்தான். கோபப் பார்வையால் பறவையை எரித்த கௌசிகனை ஓர் இல்லத்தரசி இவனிடம் அனுப்புகிறாள் (கதையின் இந்த முற்பகுதியைத் தமிழர் வாசுகி–கொங்கணவர் கதையாக அறிவர்). மிதிலையில் இறைச்சி விற்பவன் அவன். தான் கொல்வதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறான். அவனது கத்தியின் இலாவகத்தைப் பாரதம் புகழவில்லை. தன் ஞானத்துக்குச் சான்றாக அவன் கௌசிகனுக்குக் காட்டியது, வீட்டினுள்ளே தான் பேணிவந்த வயோதிபப் பெற்றோரை. வேதம் படிப்பதற்காகத் தாய் தந்தையரைக் கைவிட்டு வந்திருந்த கௌசிகனை வீட்டுக்குத் திரும்பிப் போகச் சொன்னான்.