அந்த 99 நிமிடங்கள்

2019 மே 12. என்பிஏ கிழக்குப் பிரிவு அரையிறுதியின் ஏழாவது போட்டி. கடைசி நொடியில் டொரன்டோவின் காவாய் லெனார்ட் எறிந்த பந்து வளையத்தில் நாலு தரம் துள்ளி உள்ளே விழுந்தது. 92க்கு 90. பிலடெல்பியாவின் சென்டர் ஜோயல் எம்பீட் அழுதுகொண்டே வெளியேறினார்.

இன்றும் எல்லோரும் அந்தப் பந்தைப் பற்றித்தான் பேசுகிறோம். ஆனால் பிலடெல்பியா தோற்றது அந்தப் பந்தினால் அல்ல.

போட்டி மொத்தம் 48 நிமிடம். எம்பீட் 45 நிமிடத்துக்கு மேல் களத்தில் நின்றார். அவர் நின்ற நேரத்தில் அவரது அணி 10 புள்ளிகள் கூடுதலாக எடுத்திருந்தது. தோற்றதோ 2 புள்ளிகளால். கணக்குப் போட்டுப் பாருங்கள். அவர் மூச்சு வாங்க உட்கார்ந்த மூன்று நிமிடம்கூட நிறையாத நேரத்தில் 12 புள்ளிகள் போய்விட்டன!

ஏழு போட்டிகளையும் சேர்த்தால் இன்னும் மோசம். அவர் ஆடிய 237 நிமிடங்களில் அணி 90 புள்ளிகள் முன்னே. ஆடாத 99 நிமிடங்களில் 109 புள்ளிகள் பின்னே.

இது ஏன் சென்டருக்கு மட்டும் இவ்வளவு கடுமையாக நடக்கிறது? ஒரு கார்ட் வெளியேறினால் பந்தைக் கொண்டுபோக இன்னொருவர் இருப்பார். வளையத்துக்கு அடியில் நிற்பவர் போனால் அந்தக் கதவே திறந்துவிடும். எதிரணி பயமில்லாமல் உள்ளே ஓடி வரும், ரீபவுண்டும் அவர்களுக்கே போகும். இரண்டு பேரைத் தன் பக்கம் இழுத்து மற்றவர்களுக்கு இடம் எடுத்துக் கொடுக்கவும் ஆள் இல்லை.

"அப்படியென்றால் 48 நிமிடமும் ஆட வைத்திருக்கலாமே" என்பார்கள். நாம் உடன்படவில்லை. ஏழடி மனிதர், காலில் ஏற்பட்ட காயத்தால் முதல் இரண்டு பருவங்கள் ஆடவே முடியாமல் போனவர், அந்தத் தொடரின் நடுவிலும் நோயோடு ஆடியவர். ஏழாவது போட்டியில் 18 தடவை எறிந்து 6 தான் உள்ளே போனது. களைத்த காலை இன்னும் மூன்று நிமிடம் நிற்க வைத்து என்ன கிடைக்கும்?

மறுபக்கம் டொரன்டோவைப் பாருங்கள். மார்க் கசோல் உட்கார்ந்தால் சேர்ஜ் இபாக்கா எழுந்து வருவார். அந்த ஏழாவது போட்டியில் பெஞ்சிலிருந்து வந்த இபாக்கா எடுத்தது 17 புள்ளிகள். அந்த வருடம் கிண்ணமும் அவர்களுக்குத்தான். (இந்தக் கூட்டல் கழித்தல் கணக்கு ஐந்து பேருக்கும் சேர்த்து வருவது, முழுப் பழியையும் பதில் சென்டர் மேல் போட முடியாது என்பதும் உண்மைதான்.)

பிலடெல்பியா பாடம் படிக்காமலும் இல்லை. அதே கோடையில் பெரும் பணம் கொடுத்து அல் ஹோர்போர்டைக் கொண்டுவந்தார்கள். ஆனால் எம்பீடுக்குப் பதிலாக என்பதைவிட எம்பீடோடு சேர்த்தே அவரை இறக்கினார்கள். இரண்டு சென்டர்களும் ஒரே இடத்துக்கு நெருக்கினார்கள். அடுத்த பருவம் பொஸ்டனிடம் நாலுக்குப் பூச்சியம். பென் சிமன்ஸ் காயமடைந்திருந்தார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

நமது பாடசாலை அணிகளிலும் இதே பிழைதான் நடக்கிறது. உயரமான பிள்ளை ஒன்று கிடைத்துவிட்டால் போதும், பயிற்சி முழுவதும் அவனைச் சுற்றித்தான். இரண்டாவது உயரமான பிள்ளை பந்துப் பையைத் தூக்கிக்கொண்டு வருவான், போவான். இதை வேறு யாரோ செய்வதாகச் சொல்லவில்லை. நாமே செய்தோம்.

ஒரு வலய மட்டப் போட்டியில் நமது சென்டர் மூன்றாவது கால்பகுதியிலேயே ஐந்தாவது பவுலும் வாங்கி வெளியே வந்துவிட்டான். பெஞ்சில் இருந்த மற்றவனை அனுப்பினோம். முன்னணியில் நின்ற நாம் தோற்றோம். எல்லோரும் அவனைத்தான் பார்த்தார்கள். பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து மெதுவாகச் சொன்னான்:

"சேர், எங்க நிக்கணும் என்டு எனக்கு ஒருத்தரும் சொல்லித் தரல்லயே."