புதுப்பெயர் சூட்டிய பழைய கப்பல்கள்

எங்கள் பாடசாலை ஆசிரியர்களின் வட்ஸ்அப் குழுவில் அண்மையில் ஒரு காணொளி வந்தது. துருக்கியின் வடிவமைப்பில் கட்டப்பட்ட பாகிஸ்தானின் பாபர் போர்க்கப்பல் அலையைக் கிழித்துக்கொண்டு போகிறது; பின்னணியில் தக்பீர் முழக்கம். "மாஷா அல்லாஹ், உம்மத்தின் பலம்" என்று வரிசையாகப் பதில்கள். நானும் ஒரு பதில் போட்டுவிட்டேன். பிறகுதான் இதே இரு நாடுகளும் முன்னர் எந்தக் கப்பல்களை ஓட்டின, அவற்றால் என்ன அனுபவித்தன என்பது நினைவுக்கு வந்தது. நம்மவர்கள் அதிகம் பேசாத கதை அது.

இரண்டாம் உலகப் போரின் முடிவில் அமெரிக்கா கியரிங் வகை நாசகாரிக் கப்பல்களைக் கட்டத் தொடங்கியது. மொத்தம் 98 கப்பல்கள் முடிக்கப்பட்டன. நீளம் ஏறத்தாழ 119 மீற்றர். 1950களின் கடைசியில் இரண்டு சிக்கல்கள் ஒன்றாக வந்தன. போர்க்காலத்தில் அவசரமாகக் கட்டிய கப்பல்கள் எல்லாம் ஒரே நேரத்தில் முதுமையடைந்தன. சோவியத் நீர்மூழ்கிகளோ வேகம் கூடிக்கொண்டே போயின. எல்லாவற்றையும் புதிதாகக் கட்டப் பணம் போதாது. எனவே பழைய உடலை வைத்துக்கொண்டு உள்ளே இருப்பதை மாற்றும் ஒரு திட்டம் வந்தது. கடற்படைப் புனரமைப்பு, நவீனமயமாக்கல் என்ற ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து அதனை ஃப்ராம் என்றார்கள்.

முழுமையான ஃப்ராம் வேலையில் மூன்று இரட்டைப் பீரங்கிகளில் ஒன்று கழற்றப்பட்டது. நீர்மூழ்கி எதிர்ப்பு ரொக்கட் ஏவி, புதிய சோனார், ஆளில்லாச் சிறு ஹெலிகொப்டருக்கான தளம் ஆகியவை பொருத்தப்பட்டன. (இன்று ட்ரோன் என்று வியக்கிறோம், 1960களிலேயே அவர்கள் முயன்றார்கள். ஏராளமானவை கடலில் விழுந்ததால் கைவிட்டார்கள்.) இந்த வேலை ஒரு கப்பலுக்கு எட்டு ஆண்டுகள் மேலதிக ஆயுள் தரும் என்பது கணக்கு. ஆனால் மெக்சிகோ வாங்கிய ஒரு கியரிங் கப்பல் 1945இல் சேவைக்கு வந்து 2014 வரை ஓடியது. இரும்பு ஏமாற்றவில்லை.

1962இன் கியூபா நெருக்கடியில் சோவியத் சரக்கை ஏற்றி வந்த, லெபனான் கொடியேற்றிய மருக்லா என்ற கப்பலை நிறுத்திச் சோதனையிட்ட இரு நாசகாரிகளில் ஒன்று இவ்வகையைச் சேர்ந்த ஜோசப் பி. கென்னடி ஜூனியர். அன்றைய ஜனாதிபதியின் மறைந்த மூத்த சகோதரரின் பெயர் அது.

1970களில் அமெரிக்கா இவற்றை நண்பர்களுக்குக் கைமாற்றத் தொடங்கியது. துருக்கி, கிரீஸ், தாய்வான், தென்கொரியா, ஸ்பெயின், பிரேசில் என்று பட்டியல் நீளும். பாகிஸ்தான் 1977 முதல் 1983 வரை ஆறு கப்பல்களைப் பெற்றது. பெயர்களைப் பாருங்கள்: தாரிக், தைமூர், துக்ரில், ஷாஜஹான், ஆலம்கீர், திப்பு சுல்தான். வெள்ளைக்காரனுடன் போரிட்டு உயிர்விட்ட மைசூர்ப் புலியின் பெயர், அமெரிக்கா கட்டிய, அமெரிக்காவே உதிரிப்பாகம் தரவேண்டிய ஒரு கப்பலின் பக்கத்தில் எழுதப்பட்டது. பெயர் வைத்தவர்களை நான் குறை சொல்லவில்லை. அந்தப் பெயரைக் கேட்டுப் பெருமைப்பட்ட நாம் கேட்கத் தவறியதைத்தான் சொல்கிறேன்.

அதன் விலையைத் துருக்கி அதற்கு முன்பே, 1974இல் கொடுத்திருந்தது. அமெரிக்கக் கடற்படையில் ஹார்வுட் என்றிருந்த கியரிங் கப்பல் 1971 டிசம்பரில் துருக்கிக்கு வந்து கொஜாதெபே ஆனது. 1922இல் கிரேக்கப் படைக்கு எதிரான பெருந்தாக்குதலை முஸ்தபா கமால் நின்று நடத்திய குன்றின் பெயர் அது. 1974 ஜூலை 15இல் ஏதென்ஸின் இராணுவ ஆட்சி சைப்ரஸில் ஆட்சிக் கவிழ்ப்பை நடத்தியது. 20ஆம் திகதி துருக்கிப் படை தீவில் இறங்கியது. மறுநாள், கிரேக்கக் கப்பல்கள் படையினரை ஏற்றிக்கொண்டு பாபோஸ் துறைமுகத்தை நோக்கி வருவதாகத் துருக்கிக்குத் தகவல் கிடைத்தது. அவற்றைத் தடுக்க மூன்று நாசகாரிகள் அனுப்பப்பட்டன. தாக்கி அழிக்க விமானப்படையும் அனுப்பப்பட்டது. ஒருவர் அங்கே இருப்பது மற்றவருக்குச் சரியாகத் தெரியவில்லை.

மேலிருந்து பார்த்த விமானிக்கு என்ன தெரியும்? கிரேக்கக் கடற்படையிடமும் கியரிங் கப்பல்கள் இருந்தன. அதே உடல், அதே பீரங்கி, அதே புகைபோக்கி. இரண்டு எதிரிகளுக்கும் ஒரே கடையிலிருந்து ஒரே சட்டை. கப்பலிலிருந்து துருக்கி மொழியில் பேசியும், அதனைக் கிரேக்கரின் தந்திரம் என்று விமானிகள் எண்ணியதாகச் சொல்லப்படுகிறது. விமானங்களும் அமெரிக்கத் தயாரிப்புகளே. கொஜாதெபே மூழ்கியது. மற்ற இரு கப்பல்களும், அவையும் இதே வகை, சேதமடைந்து திரும்பின. ஐம்பதுக்கும் மேற்பட்ட கடற்படையினர் தம் சொந்த விமானப்படையின் குண்டுக்குப் பலியானார்கள். தண்ணீரில் மிதந்தவர்களில் ஒரு பகுதியினரைப் பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஒன்றும் இஸ்ரேலியக் கப்பல் ஒன்றும் மீட்டன. துருக்கி பிறகு என்ன செய்தது? அதே வகையில் இன்னொரு பழைய அமெரிக்கக் கப்பலுக்குக் கொஜாதெபே என்று பெயரிட்டது.

இது ஒருங்கிணைப்புத் தவறு, கப்பலைக் குறை சொல்வானேன் என்று ஒருவர் கேட்கலாம். பாதி உண்மை. மீதிப் பாதி ஏழே மாதத்தில் வெளிப்பட்டது. 1975 பெப்ரவரியில் அமெரிக்கக் காங்கிரஸ் துருக்கிக்கு ஆயுதத் தடை விதித்தது. 1978 வரை அது நீடித்தது. கப்பலும் விமானமும் கையில் இருந்தன, உதிரிப்பாகம் இன்னொருவர் கையில் இருந்தது. ஷாவின் காலத்தில் கியரிங்கின் முந்தைய வகையான சம்னர் கப்பல்கள் இரண்டை வாங்கிய ஈரானுக்கு 1979க்குப் பின் நேர்ந்ததும் இதுவே.

பாகிஸ்தானுக்கு இன்னும் நேரடியான அனுபவம். 1988, 89இல் எட்டு அமெரிக்கப் போர்க்கப்பல்களைக் குத்தகைக்குப் பெற்றது. அப்போது ஆப்கானிஸ்தானில் சோவியத் படை இருந்தது, பாகிஸ்தான் தேவைப்பட்டது. அந்தப் படை போனபின், 1990இல், அணுத்திட்டத்தைக் காரணம் காட்டிப் பிரஸ்லர் திருத்தச் சட்டம் பாய்ந்தது. குத்தகை புதுப்பிக்கப்படவில்லை, 1993, 94இல் எட்டும் திரும்பிப் போயின. அந்த இடைவெளியை நிரப்ப பிரிட்டன் கழித்துவிட்ட ஆறு கப்பல்களைப் பாகிஸ்தான் வாங்கியது. தாரிக், ஷாஜஹான், திப்பு சுல்தான் என்ற பெயர்கள் அவற்றுக்கு இடம்மாறின.

துருக்கி தடையிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம் வேறு. 1975இலேயே அசெல்சான் நிறுவனத்தைத் தொடங்கியது. முதலில் செய்தது இராணுவ வானொலிக் கருவிகள். கொஜாதெபேயில் நடந்ததை எண்ணினால் அது பொருத்தமான தொடக்கம். அங்கிருந்து சொந்த வடிவமைப்பில் கட்டிய முதல் மில்கெம் கப்பலான ஹெய்பெலியாதா 2011இல் சேவைக்கு வரும்வரை 36 ஆண்டுகள். பாபர் அந்த வழியில் வந்த கப்பல். பாகிஸ்தானுக்கான நான்கில் இரண்டு இஸ்தான்புலிலும் இரண்டு கராச்சியிலும் கட்டுவதாக ஒப்பந்தம். இதில் மகிழ நியாயம் உண்டு. ஆனால் ஹெய்பெலியாதாவின் எரிவாயுச் சுழலி அமெரிக்காவுடையது, டீசல் எஞ்சின்கள் ஜெர்மனியுடையவை என்பதையும் அந்தக் காணொளியின் கீழ் யாராவது எழுதியிருக்கலாம். பாதை தொடங்கியிருக்கிறது, முடியவில்லை.

நம் நாட்டுக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. இலங்கைக் கடற்படையின் கஜபாகு, அமெரிக்கக் கரையோரக் காவற்படையில் ஷெர்மன் என்ற பெயரில் 1968இல் சேவையில் சேர்ந்து வியட்நாம் போரைக் கண்ட கப்பல். அவ்வகைக் கப்பல்களும் 1980களின் பிற்பகுதி தொடங்கி ஃப்ராம் என்ற அதே பெயரிலான திட்டத்தில் புதுப்பிக்கப்பட்டவை. ஐம்பது வயதில், 2018இல், நம்மிடம் வந்தது. 2021இல் கைமாறிய விஜயபாகுவும் அதே வகை. போதைப்பொருள் படகுகளைப் பிடிக்கவும் ஆழ்கடலைக் காவல் செய்யவும் இப்படியான கப்பல்கள் பயன்படுகின்றன. கடனில் மூழ்கிய நாடு கிடைத்ததை வாங்கியதில் பிழை காண மாட்டேன். ஆனால் அவை வந்தபோது பத்திரிகைகள் நீளத்தையும் வேகத்தையும் எழுதின. உதிரிப்பாகம் எத்தனை ஆண்டுக்கு, என்ன விலைக்கு, எந்த நிபந்தனையில் என்று கேட்ட செய்தி எதுவும் என் கண்ணில் படவில்லை. அடுத்த வரவுசெலவுத் திட்ட விவாதத்தில் பாதுகாப்பு அமைச்சின் ஒதுக்கீடு வரும்போது, நமது பாராளுமன்ற உறுப்பினர்களில் ஒருவராவது அதைக் கேட்கட்டும்.