எஞ்சியிருக்கும் இடம் எவ்வளவு?

அந்தமான் லம்பா லைன் பகுதியில் உள்ள வீர சாவர்க்கர் விமான நிலையத்தின் புதிய முனையம் 2023 ஜூலை 18-ஆம் தேதி திறந்துவைக்கப்பட்டது. ஆண்டுக்கு 50 லட்சம் பயணிகளைக் கையாளும் திறன் படைத்தது அது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அந்தமான் நிகோபார் தீவுகளின் மொத்த மக்கள்தொகையே 3.8 லட்சம்தான். பயணிகளின் எண்ணிக்கையை இவ்வளவு துல்லியமாகத் திட்டமிடத் தெரிந்த நிர்வாகம், அவர்கள் விட்டுச்செல்லும் குப்பைக்கு இன்னும் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதையும் அதே துல்லியத்துடன் மக்களிடம் கூறக் கடமைப்பட்டுள்ளது.

2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேர் நகரின் குப்பைக் கிடங்கு புரூக்ஷாபாதில் அமைந்தது. விமான நிலையத்திலிருந்து 10 கி.மீ. தொலைவுகூட இல்லாத இடம் இது. பறவைகளை ஈர்க்கும் வகையில் விமான நிலையத்தைச் சுற்றி 10 கி.மீ. வரை குப்பை கொட்டுவதை 1937-ஆம் ஆண்டு வானூர்தி விதிகளின் 91-ஆவது விதி தடை செய்தது. 2016-இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளோ இந்த இடைவெளியை 20 கி.மீ.யாக உயர்த்தின. தனி அனுமதி பெற்றாலும் 10 கி.மீ.க்குள் அவை இடம் தரவில்லை.

சரி, வேறு இடம் பார்க்கலாமே என்றால், எங்கே பார்ப்பது? கடலோர ஒழுங்குமுறை மண்டலத்திலும் சதுப்பு நிலத்திலும் கிடங்கு அமைக்கக் கூடாது. தீவுகளின் பரப்பில் ஏறக்குறைய எட்டில் ஏழு பங்கு காடு. தெற்கு அந்தமானின் மேற்குப் பகுதி ஜாரவா பழங்குடியினருக்கான காப்பகம். இந்த வரம்புகளையெல்லாம் வரைபடத்தில் குறித்துப் பார்த்தால், மிஞ்சுவது மிகச் சொற்பம். பெருநிலப்பரப்பை மனதில் வைத்து எழுதப்பட்ட விதிகள் என்று இதைத் தட்டிக்கழித்துவிடவும் முடியாது. ஆண்டுக்குச் சுமார் 3,000 மி.மீ. மழை பெய்யும் மண்ணில், குப்பையிலிருந்து கசியும் நீர் கடலைச் சென்றடைய அதிக நாள் பிடிக்காது.

புதிய இடம் தேடுவதைவிட, இருக்கும் இடத்தில் எதை அனுமதிப்பது என்பதை முடிவு செய்வதே இன்றைய அவசரத் தேவை. மறுபயன்பாட்டுக்கோ மறுசுழற்சிக்கோ உதவாத, மக்காத, எரியாத கழிவு மட்டுமே நிலத்தில் நிரப்பப்பட வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டு விதிகளே கூறிவிட்டன. மீன் கழிவும் இளநீர்க் கூடும் உணவு விடுதிகளின் எச்சிலும் நிலத்தை அடைப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. அவை எருவாக வேண்டியவை. பிரிக்கப்படாத குப்பையுடன் வரும் லாரியைக் கிடங்கின் வாயிலிலேயே திருப்பி அனுப்பும் துணிவு நிர்வாகத்துக்கு வேண்டும். முதலில் திருப்பி அனுப்பப்பட வேண்டியவை பெரிய விடுதிகளின் வண்டிகள். குடியிருப்புகளின் வண்டிகள் அல்ல.

அந்தத் துணிவு இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதை அறியத் தலைநகர் தில்லியைவிட்டு வெளியே செல்லத் தேவையில்லை. 1984-இல் தொடங்கப்பட்ட காஜிப்பூர் கிடங்கின் கொள்ளளவு 2002-லேயே தீர்ந்துவிட்டது. லாரிகள் நிற்கவில்லை. 2017 செப்டம்பர் 1-ஆம் தேதி அந்த மலை சரிந்து இருவர் உயிரிழந்தனர். பரந்த வட இந்தியச் சமவெளியில் அமைந்த தில்லிக்கே மாற்றிடம் எளிதாகக் கிடைக்கவில்லை.

தீவில் சேரும் பிளாஸ்டிக் பொட்டலங்களில் பெரும்பகுதி சென்னையிலிருந்தும் கொல்கத்தாவிலிருந்தும் 1,200 கி.மீ. கடல் கடந்து கப்பலில் வந்தவை. அவை கப்பலிலேயே திரும்பிச் செல்ல வேண்டும். செலவு அதிகம் என்பார்கள். உண்மைதான். ஆனால், பிளாஸ்டிக் உறைகளைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளர்களுடையது என 2022-இல் விதி வகுக்கப்பட்டிருக்கிறது. தீவுகளுக்கான கப்பல் கட்டணத்தையும் அந்தப் பொறுப்பில் சேர்க்க மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஆணையிட வேண்டும்.

கிடங்குக்கு வரும் குப்பையை எடைபோட எடைமேடை இருக்க வேண்டும் என்பதும் விதிதான். அந்தப் பதிவேட்டை மாதந்தோறும், எஞ்சிய கொள்ளளவின் நில அளவைக் கணக்கை ஆண்டுதோறும், நகராட்சி மன்றம் தமிழ் உள்பட தீவு மக்கள் பேசும் மொழிகளில் வெளியிட வேண்டும். முதல் கணக்கு அடுத்த சுற்றுலாப் பருவம் தொடங்குவதற்கு முன்பே வர வேண்டும்.