நாயகன் மாறிய உளவுப் படமும் பாவச் சுமையும்



புகழ்பெற்ற உளவுப் படத் தொடர் ஒன்றில் நாயகன் மாறினால் போதும், நம் வீட்டு இளைஞர்களிடையே பட்டிமன்றம் தொடங்கிவிடுகிறது. பழையவர் சிறந்தவரா, புதியவர் சிறந்தவரா என்பதே தலைப்பு. 2012 ஆகஸ்டில் வெளியான 'தி போர்ன் லெகசி' அத்தகைய விவாதத்தில் இன்றளவும் அடிபடும் படம். மேட் டேமன் இல்லாத போர்ன் படம் என்பதே அதற்கு அமைந்துவிட்ட அடையாளம். திரைப்படம் பார்ப்பது கூடுமா, கூடாதா என்னும் சட்டப் பிரச்சினைக்குள் நாம் இங்கே நுழையவில்லை. மதரசாவில் நம் முன் அமரும் பிள்ளைகளில் பலர் அதனைக் கைபேசியில் பார்த்துவிட்டே வருகின்றனர். பார்த்ததைப் பற்றிப் பேசாமல் இருப்பதைவிடப் பேசுவது நலம் என்றே கருதுகிறோம்.

இராபர்ட் லட்லம் 1980இல் எழுதிய புதினத்திலிருந்து பிறந்தவர் ஜேசன் போர்ன். 2002, 2004, 2007 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த மூன்று படங்களிலும் மேட் டேமனே அப்பாத்திரத்தை ஏற்றார். பிந்தைய இரண்டையும் இயக்கிய பால் கிரீன்கிராஸ் தொடரை விட்டு விலகவே, அவர் இல்லாமல் நடிக்க டேமனும் முன்வரவில்லை. முதல் மூன்று படங்களின் திரைக்கதையில் பங்கேற்றிருந்த டோனி கில்ராய் நான்காவதை எழுதி இயக்கினார். அவர் செய்த ஒரு காரியம் கவனிக்கத்தக்கது. புதிய நடிகருக்குப் பழைய பெயரைச் சூட்டிவிடவில்லை. ஜேம்ஸ் பாண்ட் படங்களில் ஷான் கானரி போய் ஜார்ஜ் லேசன்பி வந்தபோது பெயரும் எண்ணும் அப்படியே இருந்தன. முகம் மட்டுமே மாறியது. இங்கேயோ ஜெரமி ரென்னர் ஏற்றது ஆரோன் கிராஸ் என்னும் வேறொரு மனிதனின் பாத்திரம். போர்ன் நிழற்படத்திலும் பிறர் பேச்சிலும் மட்டுமே வருகிறார்.

கதையின் தொடக்கமே அச்சமூட்டுவது. போர்ன் வெளிப்படுத்திய இரகசியங்களால் தங்கள் மற்றத் திட்டங்களும் அம்பலமாகிவிடும் என அஞ்சும் அதிகாரிகள், உளவாளிகளையே ஒவ்வொருவராக ஒழித்துக்கட்ட முடிவு செய்கின்றனர். நாள்தோறும் மாத்திரை உண்டு பழகியவர்களுக்கு வேறு நிறத்தில் ஒரு புதிய மாத்திரை தரப்படுகிறது. உண்டவர்கள் சுருண்டு விழுகின்றனர். அலாஸ்காவின் பனிமலையில் இருக்கும் இருவரை நோக்கி ஆளில்லா விமானம் ஏவுகணையை அனுப்புகிறது. தப்புகிறவர் கிராஸ் ஒருவரே. நேற்றுவரை நாட்டின் அரிய சொத்து எனப் போற்றப்பட்டவர்கள் இன்று துடைத்தெறிய வேண்டிய தடயங்கள் ஆகிவிடுகின்றனர்.

இந்தப் படத்தில் நம்மை நிறுத்தி வைத்த இடம் துப்பாக்கியோ துரத்தலோ இல்லாத ஒரு சிறு காட்சி. முடிந்துபோன ஒரு நடவடிக்கையை எண்ணி கிராஸ் மனம் கலங்கி அமர்ந்திருக்கிறார். மேலதிகாரியான எரிக் பையர் அவரிடம் வந்து ஒரு தத்துவம் சொல்கிறார். நாம் பாவத்தை உண்பவர்கள். பிறர் தூய்மையாக இருக்கவேண்டும் என்பதற்காக இந்த அழுக்கை நாம் விழுங்கிக்கொள்கிறோம். செய்வது அறமாகாது, ஆயினும் செய்யாமல் முடியாது என்பது அவர் பேச்சின் சாரம். எட்வர்ட் நார்டன் இதனை அமைதியாக, ஒரு தந்தை மகனுக்கு ஆறுதல் கூறுவதுபோல் சொல்கிறார். அதனாலேயே அது ஆபத்தானது.

பாவத்தை உண்பவர் என்பது வெறும் உவமை அன்று. இங்கிலாந்து, வேல்ஸ் எல்லைப்புறக் கிராமங்களில் முற்காலத்தில் அப்படி ஒரு வழக்கம் இருந்தது. இறந்தவரின் உடலருகே வைத்த ரொட்டியையும் பானத்தையும் ஓர் ஏழை கூலி பெற்றுக்கொண்டு உண்பான். இறந்தவரின் பாவம் அவனைச் சேர்ந்துவிடும் என நம்பினர். செல்வந்தரின் பாவத்துக்கு ஏழையின் வயிறு. பையர் கூறுவதும் அதுவே, கூலிதான் வேறு.

நம் மார்க்கத்தின் அடிப்படையோ இதற்கு நேர் எதிரானது. ஓர் ஆன்மாவின் சுமையை மற்றோர் ஆன்மா சுமக்காது என்பதைத் திருக்குர்ஆன் ஓரிடத்தில் அன்று, பல இடங்களில் வலியுறுத்துகிறது. பிறரைத் தீமைக்குச் செலுத்தியவருக்கும் அதில் பங்கு உண்டு; ஆயினும் அந்தப் பங்கினால் செய்தவரின் சுமை அணுவளவும் குறைவதில்லை. ஆகவே பையரின் ஆறுதல் இரு பக்கமும் பொய்யாகிறது. கிராஸ் விழுங்குவதால் வாஷிங்டனில் இருப்பவர்கள் தூய்மையாகிவிடவில்லை. அவர்கள் கட்டளையிட்டார்கள் என்பதால் கிராஸும் விடுபடவில்லை.

கட்டளை என்றதும் ஸஹீஹுல் புகாரியில் அலீ (ரலி) அவர்கள் வாயிலாக வரும் ஒரு நிகழ்வு நினைவுக்கு வருகிறது. நபி (ஸல்) அவர்கள் அனுப்பிய படைப்பிரிவு ஒன்றின் தலைவர், வழியில் தம் வீரர்கள்மீது சினம் கொண்டார். எனக்குக் கீழ்ப்படியுமாறு உங்களுக்குக் கட்டளை இருக்கிறதல்லவா எனக் கேட்டு, விறகைச் சேர்த்துத் தீ மூட்டச் செய்து, அதனுள் புகுமாறு ஆணையிட்டார். சிலர் புகவும் எண்ணினர். நாம் நெருப்புக்கு அஞ்சியல்லவா நபியவர்களிடம் வந்தோம் எனச் சிலர் தயங்கி நின்றனர். அதற்குள் தீ அணைந்தது, தலைவரின் சினமும் தணிந்தது. செய்தி எட்டியபோது, புகுந்திருந்தால் அதிலிருந்து வெளியேறியிருக்கவே மாட்டார்கள் என்றும், கீழ்ப்படிதல் நன்மையான காரியத்தில் மட்டுமே என்றும் நபியவர்கள் கூறினார்கள். தலைவரை நியமித்தவர் அல்லாஹ்வின் தூதரே. ஆயினும் தவறான ஆணைக்கு அந்த நியமனம் மறைப்பாகவில்லை.

அப்படியானால் உளவு என்பதே இழிதொழிலா என ஒரு மாணவர் கேட்டார். நல்ல கேள்வி. முஸ்லிம்களின் குறைகளைத் துருவித் தேடுவது தடுக்கப்பட்டது. போரில் எதிரியின் நிலையை அறிந்து வருவது வேறு. அகழ்ப் போரின்போது கடுங்குளிரும் காற்றுமாய் இருந்த ஓர் இரவில் ஹுதைஃபா (ரலி) அவர்கள் எதிரிகளின் பாசறைக்கு அனுப்பப்பட்டார்கள். செய்தி அறிந்து வர வேண்டும், அவர்களைக் கிளறிவிடக்கூடாது என்பது கட்டளை. நெருப்பில் முதுகைக் காய்ச்சிக்கொண்டிருந்த எதிரிப்படைத் தலைவர் அபூ ஸுஃப்யான், அம்பு எட்டும் தொலைவில் இருந்தார். ஹுதைஃபா வில்லில் அம்பைப் பொருத்தியும்விட்டார். கட்டளை நினைவுக்கு வந்தது; எய்யாமல் திரும்பினார். அந்த அபூ ஸுஃப்யான் பின்னாளில் இஸ்லாத்தைத் தழுவினார் என்பதை நாம் அறிவோம். எந்தத் திரைப்பட உளவாளியும் அந்த அம்பை எய்யாமல் விட்டிருக்க மாட்டார்.

படத்தில் கிராஸைவிட நமக்கு முக்கியமாய்த் தோன்றியவர் மருத்துவ ஆய்வாளர் மார்த்தா ஷியரிங். ரேச்சல் வைஸ் நடித்தது. உளவாளிகளின் உடலையும் அறிவையும் மருந்தால் கூட்டும் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிபவர். அவர்களுக்கு இரத்தப் பரிசோதனை செய்வார்; பெயரைக் கேட்கமாட்டார். தாம் செய்தது அறிவியல் மட்டுமே என்பது அவர் நியாயம். நம் சமுதாயத்துப் பிள்ளைகளில் துப்பாக்கி ஏந்தி உளவுக்குச் செல்வோர் அரிது. மருந்தகத்திலும் ஆய்வகத்திலும் கணினி நிறுவனத்திலும் அமர்வோர் ஏராளம். அவர்களை நோக்கி வரும் சோதனை மார்த்தாவுக்கு வந்த சோதனைதான்.

அது கற்பனை என ஒதுக்கிவிடவும் இயலாது. 2011இல் பாகிஸ்தானின் அப்போட்டாபாத் நகரில் உசாமா பின் லாதினின் இருப்பிடத்தை உறுதி செய்ய, சி.ஐ.ஏ. ஒரு மருத்துவரைக் கொண்டு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி முகாம் என்னும் போர்வையில் மரபணு மாதிரி பெற முயன்றது. செய்தி வெளியானபின் அந்நாட்டில் தடுப்பூசி என்றாலே ஐயம் பரவியது. 2012 டிசம்பரில் போலியோ சொட்டு மருந்து கொடுக்கச் சென்ற பணியாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். இனித் தடுப்பூசித் திட்டங்களை உளவுக்குப் பயன்படுத்துவதில்லை என வெள்ளை மாளிகை 2014இல் அறிவித்தது. சுட்டவர்களின் குற்றம் சுட்டவர்களுடையதே. அதற்கு எந்தச் சமாதானமும் இல்லை. ஆனால் ஊசியைப் போர்வையாக்கியவர்களின் கணக்கும் தனியாக இருக்கிறது.

இனிப் பட்டிமன்றத்திற்கு வருவோம். ரென்னர் தம் பணியைக் குறைவறச் செய்திருக்கிறார் என்பதே நம் கருத்து. தகுதித் தேர்வில் 12 மதிப்பெண்கள் பொய்யாகக் கூட்டப்பட்டுத்தான் கிராஸ் படையில் சேர்க்கப்பட்டார். மருந்து நின்றால் பெற்ற அறிவும் போய்விடும் என அவர் அஞ்சும் காட்சிகளில் ஒரு மனிதர் தெரிகிறார். ஆயினும் மணிலா சென்றதும் படம் நீண்டதொரு மோட்டார் சைக்கிள் துரத்தலில் தன்னை மறந்துவிடுகிறது. பையரின் தத்துவத்துக்கு கிராஸ் என்ன மறுமொழி கூறினார் என்பதைக் காட்டாமலே, அவரையும் மார்த்தாவையும் ஒரு படகில் ஏற்றி அனுப்பிவிடுகிறது. 2016இல் கிரீன்கிராஸும் டேமனும் திரும்பி வந்தனர். அந்தப் படத்தில் ஆரோன் கிராஸ் இல்லை.