பைக் விழுந்தால் பிழை யாருடையது?

போன செமஸ்டர் கடைசிப் பரீட்சை அன்று என்னுடைய ஸ்கூட்டி விழுந்தது. தனியே விழவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு டியோ, அதற்குப் பக்கத்தில் ஒரு பல்சர், அதற்கும் அங்கால ஒரு ஸ்பிளெண்டர் என்று மூன்றையும் கூட்டிக்கொண்டுதான் விழுந்தது. நான் அப்ப மண்டபத்துக்குள்ள இருந்து எழுதிக்கொண்டிருந்தேன். வெளியில வந்து பார்த்தா நாலு பேர் நிக்கினம். ஒருத்தர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "தங்கச்சி, ஸ்டாண்ட் போடத் தெரியாட்டி பஸ்ஸில வாங்கோவன்."

டியோவின் கண்ணாடியும் பல்சரின் சிக்னல் லைட்டும் உடைஞ்சிருந்தது. இரண்டுக்கும் நான்தான் காசு குடுத்தேன். ரியூஷன் குடுத்துச் சேர்த்த காசு. ஆனா காசை விட அந்த வசனம்தான் இன்னும் காதுக்குள்ள நிக்குது. என்ன நடந்தது என்று பிறகு ஒரு தம்பி சொன்னான். பின் வரிசையில ஒருத்தர் தன்ர பைக்கை எடுக்கேக்க என்ர ஸ்கூட்டியின் பின்பக்கத்தில தட்டியிருக்கிறார். ஸ்கூட்டி ஒரு சாண் முன்னால உருண்டிருக்கு. அவ்வளவுதான் நடந்தது.

அந்த ஒரு சாண் போதும். சைட் ஸ்டாண்டை முன்னுக்குத் தள்ளித்தான் இறக்குகிறோம். பின்னுக்குத்தான் அது மடங்கும். ஆகவே வண்டி முன்னால உருண்டால் ஸ்டாண்ட் தானாகவே மடங்கிவிடும். கியர் உள்ள பைக்கை முதலாம் கியரில விட்டால் உருளாது. ஸ்கூட்டிக்கு அந்த வசதி இல்லை. சில மொடலுக்குப் பிரேக்கைப் பூட்டி வைக்க ஒரு கிளிப் இருக்கும். என்னுடையதுக்கு அதுவும் இல்லை. மழை பெய்து நிலம் இளகினால் இன்னும் மோசம். ஸ்டாண்டின் கால் மெல்ல மெல்ல மண்ணுக்குள்ள இறங்கும். அதனாலதான் எங்கட தரிப்பிடங்களில சிரட்டை, ஓட்டுத் துண்டு, நசுக்கின ரின் எல்லாம் கிடக்கும். குப்பை என்று நினைக்காதேங்கோ. ஒவ்வொன்றும் ஒரு ஆள் தன்ர பைக் விழாமல் இருக்கக் கீழே குடுத்த முட்டு.

"அப்ப டபுள் ஸ்டாண்ட் போடலாம்தானே" என்று கேட்பீர்கள். எல்லாரும் கேட்டவை. சிரிச்சுக்கொண்டு கேட்டவை. எனக்கு டபுள் ஸ்டாண்ட் போடத் தெரியும். அது பலத்தில செய்யிற வேலை இல்லை என்று அப்பா காட்டித் தந்தவர். ஸ்டாண்டின் இரண்டு காலும் நிலத்தில சமமாகப் பட வேணும், பிறகு உடம்பின் பாரத்தைக் காலால அதன் மேல இறக்க வேணும், கை வழி மட்டும் காட்டினால் போதும். நூறு கிலோ வண்டி தானாக ஏறும். ஆனா அதுக்கு இடப்பக்கம் நான் நிற்க வேணுமே! ஒரு ஹாண்டிலுக்கும் மற்ற ஹாண்டிலுக்கும் இடையில உள்ளங்கை புகாத இடத்தில, எங்கே நின்று எந்தக் காலால மிதிக்கிறது? ஸ்போர்ட்ஸ் மொடல் பைக் வைச்சிருக்கிற பெடியள் பலபேருக்கு டபுள் ஸ்டாண்டே இல்லை, கொம்பனியில இருந்தே வராது. அவையும் சைட் ஸ்டாண்டிலதான் விடுகினம். அவையின்ர பைக்கும் விழுது. அப்ப ஒருத்தரும் "பஸ்ஸில வா" என்று சொல்றதில்லை. "ஆரோ தட்டிப்போட்டான் மச்சான்" என்று சொல்லுகினம்.

பாருங்கோ, அதே விழுகை. ஒன்றுக்குத் தட்டினவன் காரணம், மற்றதுக்கு ஓடினவள் காரணம். இரண்டு இடத்திலும் யாரும் வாய் திறக்காத ஒன்று இருக்கு: அந்தத் தரிப்பிடம்.

இலங்கையில் பதிவு செய்யப்பட்ட வாகனங்களில் பாதிக்கும் மேல் மோட்டார் சைக்கிள். இருந்தும் எங்களுக்கு என்று ஒதுக்கித் தருகிற இடம் என்ன? ஒரு வெறும் நிலம், மிஞ்சினால் ஒரு தகரக் கூரை. காருக்குக் கோடு போடுகிறார்கள். நாலு சில்லில தானாக நிற்கிற வாகனத்துக்குக் கோடு; இரண்டு சில்லில நிற்க முடியாத வாகனத்துக்கு ஒன்றுமில்லை.

எங்கட ஊருக்கு இது தெரியாத விஷயமும் இல்லை. பழைய பள்ளிக்கூடங்கள், கந்தோர்களின் சைக்கிள் கொட்டில்களைப் போய்ப் பாருங்கோ. சீமெந்துக் கட்டில சில்லு போற அளவுக்கு வரிசையாக வெட்டு விட்டிருப்பார்கள். முன்சில்லை அதுக்குள்ள விட்டால் சைக்கிள் நிமிர்ந்து நிற்கும். 90களில் எரிபொருள் தடை இருந்த காலத்தில யாழ்ப்பாணமே சைக்கிளில ஓடினது என்று அம்மா ஆக்கள் சொல்லுவினம். 2022இல் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்று கியூஆர் போட்ட நேரம் நாங்களும் அந்த வெட்டுகளுக்குள்ள சைக்கிளை விட்டோம். அரை நூற்றாண்டுக்கு முந்தின மேசனுக்குத் தெரிஞ்சிருக்கு, இரண்டு சில்லு வாகனத்தை நிலம்தான் பிடிக்க வேணும் என்று. சைக்கிள் போய் மோட்டார் சைக்கிள் வந்தபோது அந்த அறிவைக் கொட்டிலோடு சேர்த்து இடிச்சுப்போட்டம்.

மோட்டார் சைக்கிளுக்கும் அப்படி ஒன்று இருக்கு. வீல் சொக் என்று சொல்லுவார்கள். லொறிச் சில்லுக்குக் கட்டை குடுக்கிற மாதிரித்தான், ஆனா முன்னும் பின்னும் பிடிக்கும். தரையில பூட்டின ஒரு இரும்புச் சட்டம். அதுக்குள்ள ஆடுகிற ஒரு தொட்டில். முன்சில்லை மெதுவாக உள்ளே ஏற்றினால் பாரத்துக்குத் தொட்டில் முன்னால சரியும், அதன் பின்விளிம்பு மேலே எழும்பி ரயரைப் பின்னாலும் கவ்வும். பைக் நேராக நிற்கும். ஆள் இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு போகலாம். ஸ்டாண்ட் போடத் தேவையில்லை. வெளிநாடுகளில பைக்கை ட்ரெயிலரில ஏற்றவும் கராஜில நிறுத்தவும் இதைத்தான் பாவிக்கினம். எங்கட கராஜ்களில பைக்கை உயர்த்துகிற மேடையில முன்சில்லைக் கவ்வுகிற தாடை இருக்குமே, அதற்கு இது சொந்தக்காரன். வெல்டிங் கடைக்கு முடியாத வேலை இல்லை.

மறுப்புகள் எனக்கும் தெரியும். சைக்கிள் வெட்டுகளில றிம் நெளிஞ்ச கதை எல்லா வீட்டிலயும் இருக்கு. உண்மை. சில்லின் கீழ்ப்பக்கத்தை மட்டும் பிடிச்சு, மேல்பாரத்தை ஆட விட்டால் றிம் நெளியும். அதனாலதான் சொக் சில்லை உயரமாக, முன்னும் பின்னும் பிடிக்க வேணும். எல்லாத்துக்கும் ஒரே அளவும் சரிவராது. ஸ்கூட்டிக்கு 10, 12 அங்குலச் சில்லு. பைக்குக்கு 17, 18. இரண்டு விதமாகச் செய்ய வேணும். எடுக்கேக்க பின்னால இழுக்கவும் வேணும், அதனால நிலம் மட்டமாக இருக்க வேணும், பின்னால இடம் விட வேணும்.

"அப்பிடி விட்டால் குறைய பைக்தானே நிக்கும்?" ஓம், குறையத்தான் நிக்கும். நாற்பது நிற்கிற இடத்தில அறுபதை அடுக்கினால் அதுக்குப் பெயர் தரிப்பிடம் இல்லை, விறகு அடுக்கு. நல்லூர்த் திருவிழாவுக்கு 25 நாளும் சுற்றியுள்ள வளவுகளில சைக்கிள் பார்க் நடக்கும். துண்டு தாற அண்ணைமாரைக் கவனிச்சிருக்கிறீங்களா? ஒவ்வொரு பைக்கையும் தூக்கித் தூக்கி நகர்த்தி வைப்பார்கள். இரவு முழுக்க. அவையின்ர தோளிலயும் முதுகிலயும்தான் எங்கட பைக் எல்லாம் நிமிர்ந்து நிற்குது. ஒரு திருவிழாவுக்கு அது சமாளிப்பு. வருஷம் முழுக்க இயங்குகிற கம்பஸுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அதுவே ஏற்பாடு என்றால் அது வெட்கம்.

இன்னும் ஒரு ஆளை நினைச்சுப் பாருங்கோ. ஜெய்ப்பூர் கால் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிள் ஓடுகிறவர்களை எங்கட பக்கம் றோட்டில காணலாம். சைட் ஸ்டாண்டைத் தட்டுகிறது இடது கால். இடது கால் இல்லாதவர் இறங்கும்போது யாரையாவது கூப்பிட வேணும், அல்லது சுவர் தேட வேணும். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கு 1996இல் சட்டம் வந்தது, பொதுக் கட்டடங்களுக்கான அணுகல் விதிகள் 2006இல் வந்தன. வாசலில சாய்தளம் கட்டி விட்டோம் என்று பெருமைப்படுகிறோம். அந்த வாசலுக்கு வந்து சேர்ந்த மனிசன் தன்ர வாகனத்தை விட்டு எப்படி இறங்குவார் என்று ஒருத்தரும் யோசிக்கேல்லை. வயசு போன ஐயாவுக்கும், பிள்ளையை முன்னால நிற்பாட்டிக்கொண்டு வாற அம்மாவுக்கும் இதே பிரச்சினைதான். எங்கட தரிப்பிடங்கள் இரண்டு காலும் இரண்டு கையும் பலமாக உள்ள, கையில ஒன்றும் இல்லாத, இருபத்தைந்து வயசு ஆம்பிளை ஒருத்தனை மட்டும் மனசில வைச்சு விடப்பட்ட நிலங்கள். அந்த ஆள் இல்லாத மற்ற எல்லாருக்கும் "ஓடத் தெரியாது" என்று பெயர்.

நான் கேட்கிறது பெரிய விஷயம் இல்லை. எல்லா வரிசையையும் மாற்றச் சொல்லவும் இல்லை. கம்பஸில பரீட்சை மண்டபத்துக்குக் கிட்ட ஒரே ஒரு வரிசை. நிலத்தைச் சீமெந்து போட்டு மட்டமாக்கி, ஐந்து ஸ்கூட்டிக்கும் ஐந்து பைக்குக்கும் சொக் பூட்டுங்கோ. ஒரு செமஸ்டர் பாவிச்சுப் பார்த்துச் சொல்லுவம். மாணவர் ஒன்றியத்துக்குக் கடிதம் எழுதியாச்சு, கீழே கையெழுத்துப் போட இடமும் விட்டிருக்கு. அந்த அண்ணைக்கும் ஒரு இடம் வைச்சிருக்கிறன். அவர்ட ஸ்பிளெண்டரும் அன்றைக்கு விழுந்ததுதானே.

அடுத்த தரம் எங்கேயாவது ஒரு வரிசை சரிஞ்சு கிடந்தா, ஓடினது பெட்டையோ பெடியனோ என்று கேட்க முதல், கீழே குனிஞ்சு நிலத்தைப் பாருங்கோ. ஒரு சிரட்டைத் துண்டு கிடக்கும்.