ஐம்பதுக்குப் பின் ஒரு தொடக்கம்: வட்டத்தொட்டி உணர்த்தும் பாடம்

பணி நிறைவு பெற்றவருக்கும், கடல் கடந்து உழைத்துவிட்டு ஊர் திரும்பியவருக்கும் நம் சமுதாயம் பெரும்பாலும் ஒரே அறிவுரையைத்தான் வழங்குகிறது. ‘இனி ஓய்வாக இருங்கள்’ என்பதே அது. உடலில் வலிமையும் உள்ளத்தில் ஊக்கமும் கையில் சிறிது பொருளும் உள்ள ஒருவரைத் திண்ணையில் அமரச் சொல்வது அறிவுடைமை ஆகுமா? ஆகாது என்பதே நம் துணிபு. ஆயினும், ஐம்பது வயதைக் கடந்தவர் புதியதொரு முயற்சியில் இறங்கும்போது எதனை முதலாகக் கொண்டு இறங்குகிறார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. பணம் மட்டுமே முதல் என்று கருதி இறங்கியவர் பலர் அதனை இழந்திருக்கின்றனர். அவர்களிடம் அதனினும் பெரிய முதல் ஒன்று இருந்தது. பல்லாண்டுகளாக அவர்களை அறிந்த மனிதர்களின் நம்பிக்கையே அது.

இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. நம் குற்றாலத்திலேயே ஒருவர் வாழ்ந்து காட்டியுள்ளார். ரசிகமணி எனத் தமிழுலகம் போற்றும் டி. கே. சிதம்பரநாத முதலியாரே அவர். 1882ஆம் ஆண்டு பிறந்த அவர் சட்டம் பயின்றவர். எனினும் வழக்கறிஞர் தொழிலில் பெரிதும் மனம் செலுத்தாதவர். 1930 முதல் 1935 வரை இந்து அறநிலையத் துறையில் ஆணையராகப் பணியாற்றினார். அப்பதவியினின்று விலகியபோது அவருக்கு வயது ஐம்பதுக்கு மேல். பிறர் ஓய்வை நாடும் அப்பருவத்திற்குப் பின்னரே அவருடைய பெரும்பணிகள் வேகம் பெற்றன. கம்பனைப் பொதுமக்களிடம் கொண்டு சேர்த்ததும், தமிழிசை இயக்கத்திற்குக் குரல் கொடுத்ததும், ‘கம்பர் தரும் இராமாயணம்’ மூன்று பாகங்களாக உருப்பெற்றதும் அவ்வகையின.

இவை ஒரு தனிமனிதரின் புலமையால் மட்டும் நிகழ்ந்தனவா? அல்ல. பதவிக்குச் செல்வதற்கு முன்னரே, திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் இருந்த அவருடைய இல்லத்து முற்றத்தில் நண்பர்கள் கூடிக் கவிதையைச் சுவைத்து வந்தனர். ‘வட்டத்தொட்டி’ என்று பெயர் பெற்ற அக்கூட்டத்திற்குச் சட்டதிட்டமில்லை, உறுப்பினர் கட்டணமில்லை, தலைவர், செயலாளர் என்ற பதவிகளுமில்லை. பாட்டும் பேச்சும் விருந்துமே இருந்தன. பின்னாளில் நீதியரசராகத் திகழ்ந்த எஸ். மகராஜன், பேராசிரியர் அ. சீனிவாசராகவன், தஞ்சைக் கலைக்கூடம் 1951இல் அமையக் காரணமாயிருந்த தொ. மு. பாஸ்கரத் தொண்டைமான் போன்றோர் அவ்வட்டத்தில் விளைந்த நன்முத்துகள்.

குற்றாலத்தில் குடியேறிய பின்னரும் அவர் தனித்திருக்கவில்லை. இராஜாஜியும் கல்கியும் அவ்வில்லத்து விருந்தினர் ஆயினர். வர இயலாதவர்களுக்கு அவர் கடிதம் எழுதினார். கம்பன் பாடல்களைப் பற்றிய அவருடைய எழுத்துகள் ‘கல்கி’ இதழில் இடம்பெற்றன. சொல்லப்போனால், அவ்விதழே நட்பின் விளைவுதான். 1941இல், நாற்பது வயதைக் கடந்திருந்த கல்கி, நண்பர் சதாசிவத்தோடு இணைந்து அதனைத் தொடங்கினார். எம். எஸ். சுப்புலட்சுமி ‘சாவித்திரி’ திரைப்படத்தில் நடித்து ஈட்டிய பொருள் அதற்குக் கைகொடுத்தது.

இங்கே நாம் கருத்தில் கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. டி. கே. சி. தம் பிற்கால முயற்சிக்குத் துணை வேண்டும் என்று கணக்கிட்டு வட்டத்தொட்டியைக் கூட்டவில்லை. முதலில் கொடுத்தார். தம் நேரத்தைக் கொடுத்தார், உணவைக் கொடுத்தார், இளைஞர் எழுதிய நல்ல வரிக்கு மனமாரப் பாராட்டைக் கொடுத்தார். கேட்க வேண்டிய காலம் வந்தபோது, கேளாமலே கதவுகள் திறந்தன. ஆற்றைக் கடக்கும்வரை அண்ணன் தம்பி, அப்புறம் நீ யாரோ நான் யாரோ என்னும் பழமொழிக்கு நேர்மாறான வாழ்க்கை அது. இருபது ஆண்டுகளாக நலம் விசாரியாத நண்பரின் வீட்டுக்குக் கடை திறப்பு விழா அழைப்பிதழோடு செல்கிறோமே, அதனை நட்பு என்று எவரும் கருதார்.

இந்த எடுத்துக்காட்டில் எச்சரிக்கையும் ஒன்று அடங்கியுள்ளது. இடைச்செருகல் எனத் தாம் கருதிய கம்பன் பாடல்களை டி. கே. சி. ஒதுக்கினார், சில சொற்களைத் திருத்தவும் செய்தார். அன்பர் வட்டம் அதனை வியந்து வரவேற்றது. புலவர் பலர் கடுமையாக மறுத்தனர். எவர் பக்கம் நியாயம் என்பதை ஆய்வாளர் கூறட்டும். நாம் கொள்ள வேண்டிய பாடம் வேறு. அன்பால் கூடும் வட்டத்தில் ‘இது தவறு’ என்று சொல்லும் நா எளிதில் எழுவதில்லை. புதிய தொழில் தொடங்குவோர்க்கு இதுவே பேராபத்து. முகத்தாட்சண்யத்தால் புகழ்பவர் பத்துப் பேரைவிட, கணக்கைப் பார்த்து ‘வேண்டாம்’ என்று சொல்லும் ஒருவர் மேலான நண்பர்.

நம் பகுதியின் நிலைமைக்கு வருவோம். தென்காசி, கடையநல்லூர் வட்டாரங்களிலிருந்து வளைகுடா நாடுகளுக்குச் சென்று இளமையைச் செலவிட்டோர் பலர். அவர்கள் ஊர் திரும்பும்போது சேமிப்பு வெளியே தெரிகிறது, அனுபவம் தெரிவதில்லை. பண்டகசாலையை நடத்தத் தெரிந்தவர், குளிர்பதன இயந்திரத்தைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர், பல மொழியினரோடு வணிகம் பேசத் தெரிந்தவர் ஆகியோர் உறவினர் வற்புறுத்தலுக்கு இணங்கி, தமக்குப் பழக்கமே இல்லாத தொழிலில் பணத்தைப் போட்டுக் கலங்கி நிற்பதை நாம் கண்டிருக்கிறோம். நம்பிக்கையின் பேரில் வாய்மொழியாகக் கைமாறிய பணம், ஒரே தெருவில் வாழும் இரு குடும்பங்களைப் பேச்சற்றவர்களாக ஆக்கியதையும் கண்டிருக்கிறோம்.

ஆகவே மூன்று கருத்துகளை முன்வைக்க விழைகிறோம். ஒன்று, நண்பரிடம் முதலில் பணத்தைக் கேளாதீர், அறிவைக் கேளுங்கள். சரக்கு எங்கே மலிவு, கடன் கேட்டால் நாணயமாகத் திருப்புபவர் எவர், முதல் வாடிக்கையாளராக வரக்கூடியவர் எவர் என்பன பணத்தினும் விலைமதிப்புள்ள செய்திகள். இரண்டு, கொடுக்கல் வாங்கல் எதுவாயினும் எழுதிக்கொள்ளுங்கள். கடனை எழுதி, சாட்சிகளையும் வைத்துக்கொள்ளுமாறு திருக்குர்ஆன் அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் விரிவாகவே பணிக்கிறது. எழுதிக்கொள்வது அவநம்பிக்கை ஆகாது. நட்பைக் காக்கும் வேலி அது. மூன்று, உங்கள் வட்டத்தில் உங்களினும் இளையோர்க்கு இடம் கொடுங்கள். அறுபது வயதினரின் உலக அறிவும் இருபது வயதினரின் புதுத் தொழில்நுட்பப் பயிற்சியும் ஒருங்கே அமர்ந்து பேசும் வட்டத்தொட்டிகள் இன்று தேவை.

பெருநகரில்தான் தொழில் செழிக்கும் என்ற எண்ணமும் மாறி வருகிறது. 1996இல் உடன்பிறந்தாரும் நண்பரும் சேர்ந்து தொடங்கிய நிறுவனமே இன்றைய ஜோஹோ. 2011இல் தென்காசிப் பகுதியில் அது அலுவலகம் அமைத்தது. அதன் நிறுவனர்களுள் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு, ஐம்பது வயதைக் கடந்த நிலையில், 2019இல் மத்தளம்பாறைக்கே குடிபெயர்ந்தார். அவருடைய வசதி எல்லோருக்கும் வாய்க்காது என்பது உண்மையே. எனினும் ஊரும் உறவும் தொழிலுக்குத் தடையல்ல என்பதை அது மெய்ப்பிக்கிறது.

மாணவச் செல்வங்களுக்கு ஒரு சொல். பிற்கால முயற்சிக்கு வேண்டிய முதலை இன்று, இந்த வகுப்பறையிலேயே சேர்க்கத் தொடங்குகிறீர்கள். உடன் பயிலும் தோழருக்குக் குறிப்பேடு கொடுப்பதும், சொன்ன நேரத்தில் வருவதும், வாங்கிய நூலைத் திருப்பித் தருவதும் சிறு செயல்கள்தாம்; முப்பது ஆண்டுகளுக்குப் பின் உங்கள் பெயரைக் கேட்டதும் ஒருவர் ‘அவரா? நம்பலாம்’ என்று சொல்வது அவற்றால்தான். பெரியோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஊர் திரும்பியவர் எவர், அவர் அறிந்த தொழில் எது என்னும் பதிவேடு ஒன்றை ஒவ்வொரு ஊரிலும் தொகுத்து, மாதம் ஒருமுறை இளைஞரோடு அவர்களை அமரச் செய்யலாம்.

சாரல் காலத்தில் அருவியைக் காண வருவோர், தென்காசியைக் கடந்து செல்லும் சிற்றாற்றைக் கூர்ந்து நோக்குவதில்லை. ஐந்தருவியாறும் அனுமன் நதியும் கருப்பாநதியும் தம் நீரை அதற்கு அளிக்கின்றன. அதனால்தான் அது தாமிரபரணி வரை சென்று சேர்கிறது. ஐம்பதுக்குப் பின் தொடங்கும் முயற்சிக்கும் அத்தகைய துணைநீர் வேண்டும். அதனைத் தேடும் நாளை, தேவை வரும் நாள்வரை தள்ளிப்போடாதிருப்போமாக.